நாகம்மா கேட்ட சம்பளக் கணக்கு

கன்னட நாட்டுத் தங்கச் சுரங்கத்துக் கூலிக் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டன் லைனில் நாகம்மா வாயைத் திறந்தால் மைன் சங்குகூட அடங்கிவிடும் என்பார்கள். சும்மா இல்லை, பதினெட்டு வருஷம் அடுத்த வீட்டில் குடியிருந்தவன் சொல்கிறேன். மைன் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. எழுதப் படிக்கத் தெரியாது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் அண்ணன் சிவலிங்கத்தின் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன்.

1962 ஜூன் மாதம். அவள் மகள் சுலோச்சனா எட்டாவது பாஸ். கணவன் முனுசாமி சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டில் கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால் ஒன்பதாவதுக்குப் பணம் கட்ட வழியில்லை. "பொண்ணைப் பங்களா வேலைக்கு அனுப்பு" என்று ஊரே புத்தி சொன்னது. வெட்கக்கேடு, நானும் சொன்னேன். என் மகள் சாராவையும் நிறுத்திவிடுவதாகத்தான் இருந்தேன்.

அந்த வாரம் கடிதம் வந்தது. "பெரியவள் பத்தாவது படிக்கிறாள். இங்கே பள்ளிக்கூடச் சம்பளமே கிடையாது, எல்லாம் அரசாங்கச் செலவு" என்று எழுதியிருந்தார் சிவலிங்கம். நாகம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"ஏன் ஜெயகரண்ணே, அந்த ஊர்ல முடியுது, இந்த ஊருக்கு இன்னா கேடு?"

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். கல்வி அதிகாரி வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "சர்க்கார் எவ்வளவுதான் செலவு செய்யும்? எந்த நாட்டிலயும் ஹைஸ்கூல் படிப்பு சும்மா வராது" என்றார்.

நாகம்மா எழுந்தாள்.

"சிலோன்ல சம்பளமே கிடையாது சார்."

கன்னடத்தில் சம்பளம் என்றால் வேலை செய்பவர் வாங்குவது மட்டும்தான். அவர் சிரித்துவிட்டார். "சம்பளம் இல்லாம எந்த மேஷ்ட்ரு பாடம் நடத்துவாரம்மா?"

கூட்டமும் சேர்ந்து சிரித்தது. வேறொருத்தியாக இருந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. மேஷ்ட்ரு வாங்குற சம்பளம் வேற, பசங்க கட்டுற சம்பளம் வேற. அங்க மேஷ்ட்ருக்குக் கவர்மெண்டே குடுத்துடுது, அதால பசங்க கட்டறதில்ல. இங்க மட்டும் ஏன் சார் எங்க மடியில கைய விடுறீங்க?"

சிரிப்பு நின்றது. அதிகாரிக்கு முகம் சுருங்கியது. "அது சிலோன் ரூபாய், இது இந்தியா ரூபாய். ரெண்டையும் ஒண்ணா வெச்சுக் கணக்குப் போடக் கூடாதும்மா."

"எங்க அண்ணன் பொண்ணு கட்டறது சைபர் சார். சைபரை எந்த ஊர் துட்டா மாத்தினாலும் சைபர்தானே?"

அடி சக்கை! பின்வரிசையில் நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்கி வழிந்தவர்கள்கூட விசிலடித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன், பொய் சொல்லக் கூடாது. தோற்றதை ஒத்துக்கொண்டு சிரித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஃப்ரீஷிப் என்று ஒன்று இருக்கிறது, கேட்டு எழுதிக் கொடுத்தால் சம்பளம் கட்ட வேண்டாம் என்கிற சங்கதி அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. இத்தனை நாள் எங்கே பூட்டி வைத்திருந்தார்களோ!

"உங்க பொண்ணு பேரைச் சொல்லும்மா, எழுதிக்கிறேன்."

சொல்லித் தொலையேன் என்று நான் பல்லைக் கடித்தேன். மனுஷன் மனசு மாறிவிட்டால்?

"அரை மணி நேரம் குந்துங்க சார், தோ வந்துடறேன்" என்று வெளியே ஓடிவிட்டாள்.

அவர் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். நாகம்மா திரும்பி வந்தபோது பின்னால் பதினேழு பெண்கள். படிப்பை நிறுத்தவிருந்த அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய் இழுத்து வந்திருந்தாள். ஒருத்தி தலை துவட்டவில்லை, ஒருத்தி கையில் மாவு. அதில் என் சாராவும் இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேரைச் சொல்லுங்கடி, சத்தமா!" என்று ஒவ்வொருத்தியாக மேஜைக்குத் தள்ளினாள். தன் மகளைக் கடைசியில் நிறுத்தினாள். அவள் முறை வந்தபோது தாளில் இடமில்லை. அதிகாரி மறுபேச்சுப் பேசாமல் புதுத் தாள் ஒன்றை எடுத்து, அதன் தலையில் முதல் பெயராக சுலோச்சனா என்று எழுதினார்.