கஸ்தூரி அண்ணி நீச்சல் பழகிய கிணறு

எங்கள் கஸ்தூரி அண்ணி மாலத்தீவில் வேலை செய்கிறாள் என்றால் திருமழிசையில் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: காலையில் கடல், மாலையில் கடல், நடுவில் இளநீர். "உனுக்கு இன்னாம்மா, ஜாலியா கடல்ல குளிச்சிகினு கீற" என்று தெருவில் எவளாவது அவளிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பானுப்பிரியா, அவளுடைய நாத்தனார். உண்மை எனக்குத் தெரியும்.

அண்ணிக்கு அங்கே ஒரு சொகுசு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. தீவையே சுற்றிவர இருபது நிமிடம் போதுமாம். மணல் ஓரமெல்லாம் விருந்தாளிகளுக்கு. வேலையாட்களுக்கு ஜெனரேட்டருக்குப் பின்னால் அறை, ஓர் அறைக்கு நாலு பேர். தலைக்கு மேல் அத்தனை தேங்காய் தொங்கும், ஒன்றைத் தொட முடியாது. கறிவேப்பிலையை இங்கிருந்து காயவைத்துக் கொண்டுபோகிறாள். ஊரான் குளித்த துண்டுகளையே துவைத்துத் துவைத்து, ஆறு வருடத்தில் அவள் கால் ஒரு தடவைகூடக் கடலில் நனைந்ததில்லை. தண்ணீர் என்றாலே பயம் வேறு. படகில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வாள்.

இந்தத் தடவை லீவில் வந்தவள் பெட்டியை இறக்கும்போதே சொன்னாள்: "பானு, எனுக்கு நீச்சல் வரணும். முப்பது நாளுதான் கீது."

சலவைக்கூடத்தைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றிவிட்டார்களாம். தினமும் படகில் போய்வர வேண்டும். இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்டுகிறவர்களுக்குத்தான் இனி வேலை, மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பலாம். என் அண்ணன் உத்தமன் கம்பெனியில் முதுகில் அடிபட்டு மூன்று வருடமாக நாற்காலியோடு கிடக்கிறான். மகள் நிவேதிதா நர்சிங் இரண்டாம் வருடம். அண்ணியின் வேலை போனால் அவள் படிப்பும் போச்சு.

"நாப்பத்திரண்டு வயசுல இன்னா அண்ணி இது? ஆழம் தெரியாம கால உடாத" என்றேன்.

"தெரிஞ்சிதான் உடறேன்" என்றாள்.

பாரிவாக்கத்தில் கீரை போடும் வேம்புலியிடம் படிக்கட்டு வைத்த கிணறு இருக்கிறது. போய்க் கேட்டதும் அவர் சிரித்தார். "கடலத் தாண்டினவளுக்கு என் கெணறு எம்மாத்திரம்? காலைல ஆறு மணிக்கு வாங்க. மோட்டார் போடறதுக்குள்ள ஏறிடணும்." கையை எப்படி அடிப்பது, காலை எப்படி உதைப்பது என்று ஒரு தரம் காட்டிவிட்டுக் கீரை அறுக்கப் போய்விட்டார்.

அண்ணியின் முதுகில் காலி எண்ணெய் கேன், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நிற்கும் என் கையில். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. தினமும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மூக்கு ஒழுக இருமிக்கொண்டே "இன்னொரு வாட்டி" என்பாள். எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும்.

பதினைந்தாம் நாள் கேனைக் கழற்றினோம், இடுப்புக் கயிறு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அண்ணி நீந்தினாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், அங்கிருந்து திரும்ப இங்கே. "பாத்தியாடி!" என்று கத்துவாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கையை வீசி வீசிக் காட்டுவாள்.

இருபத்துநாலாம் நாள் காலையில் அவளுக்கு இட்லித் தட்டை நீட்டினேன். சட்டென்று என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இன்னாடி இது?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். எங்கே முங்கிவிடுவாளோ என்ற பயத்தில் பத்து நாளாகக் கயிற்றை இழுத்துப் பிடித்தே நின்றிருந்தேன். அவள் நீந்தவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்க எவடி கயிறு புடிப்பா?" என்று கத்தினாள். "இத்தினி நாளா என்ன ஏமாத்திகினு இருந்தியா, பாவி? என் பொண்ணு படிப்புடி!"

"நீ போய்ட்டா நான் இன்னா அண்ணி பண்ணுவேன்?" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

 அண்ணி இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தாள். 

மறுநாள் கயிற்றை மோட்டார் கொட்டகையில் வீசிவிட்டு வந்தாள். வேம்புலி மூங்கில் கழியோடு படியில் நின்றார். "நான் கூப்புடாம நீட்டக் கூடாது" என்று அவரை எச்சரித்துவிட்டு இறங்கினாள். இறங்கியதும் முங்கினாள். நான் "ஐயையோ" என்று அலறினேன். மேலே வந்தாள். கண்ணை மூடாமல், மூச்சிரைக்கக் கையை அடித்து அடித்து, எதிர்ச்சுவரைத் தொட்டாள். மாலத்தீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நிற்காமல் நாலு சுற்று வந்தாள்.

போன வாரம் அங்கிருந்து வீடியோ காலில் வந்தாள். தலைமுடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பாஸாயிட்டேன் பானு!"

நிவேதிதா குதித்தாள். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "பயமா இல்லயா அண்ணி?" என்றேன்.

"இல்லடி. ஆறு வருசத்துல இன்னிக்குத்தான் கடல்ல கால வெச்சேன். கெணறு மாதிரி இல்ல, உப்புத் தண்ணி தானா தூக்குது." அவள் சிரித்தாள், கண்ணும் கலங்கியது. "மேல எவளோ ஒருத்தி கை உரிய உரியக் கயிறு புடிச்சிகினு கீற மாதிரியே கீது."