யூட்டும் தெருவோர இசைத்தட்டும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று ஜெர்மனியின் ஹம் நகரில் இரண்டு கடை வைத்திருக்கிறேன். எல்லாம் என் கை உழைப்பு. என் பழைய அறைத்தோழன் யூட் என்னைவிடத் திறமைசாலி. ஆனால் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறான், கிற்றாரைத் தொடுவதில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1986இல் அகதி விடுதியில் நாங்கள் ஒரே அறை. வேலை செய்யத் தடை. ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி வேண்டும். ஜெர்மன்காரர் பழைய சாமான்களைத் தெருவோரம் போடும் நாளில்தான் எங்களுக்கு உயிர் வரும். அப்படி ஒரு நாள் நாலு பேர் தூக்கும் சோபாவை நான் தனியாளாய் மாடிக்கு ஏற்றினேன். யூட் கொண்டுவந்தது ஒரு ரெக்கோர்ட் பிளேயரும் உறை கிழிந்த இசைத்தட்டும். பத்து வருடத்துக்கு முன் லண்டன் பெடியன்கள் சிலர் முதன்முதலாகப் போட்ட தட்டாம். அதைக் கேட்டுத்தான் இங்கே ஊருக்கு ஊர் பங்க் என்ற முரட்டு இசைக் குழுக்கள் முளைத்தனவாம்.

"என்னடா இது, தகரம் உருள்ற மாதிரி?"

"அவங்களுக்கும் வேலை இல்லை அண்ணை. அதைத்தான் கத்துறாங்கள். எங்கட கதை."

"எங்கட கதையெண்டா எனக்கு ஒரு சொல்லாவது விளங்க வேணுமே!"

மன்னாரில் கோயில் பாட்டுக் குழுவில் கிற்றார் வாசித்தவன் அவன். கேட்டுக் கேட்டுத் தட்டு முழுவதையும் பாடமாக்கினான். ஊவே என்ற ஜெர்மன் பெடியன், தலைமுடி பச்சை, காதில் ஊக்கு, அவனுக்குப் பழைய கிற்றார் ஒன்று கொடுத்தான். வுப்பர்டால் நகரில் ஒரு சனிக்கிழமை ஊவேயின் குழு அந்தப் பாட்டுகளை வாசிக்க இருந்தது. அவர்களின் கிற்றார்காரன் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் யூட்டை அழைத்தார்கள்.

ஊர் தாண்ட வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கந்தோருக்கு ஒரு பெரிய மனிதரைக் கூட்டிப்போவது நம் வழக்கம். நான் கோட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துத் தயாராக நின்றேன். அந்த விடுதியில் என்னளவு டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, பேசியவர் இல்லை.

"நீங்கள் வேண்டாமண்ணை. செத்த வீடெண்டு பொய் சொல்லுவியள்."

"சொன்னா என்ன? பக்கத்து அறைச் செல்வரட்ணத்துக்கு அப்பிடித்தானே அனுமதி எடுத்துக் குடுத்தனான்!"

"நான் பாட்டெண்டே சொல்லப்போறன். ஊவே வாறான். அவன்ர நாடு, அவன் சொன்னாக் கேப்பினம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. நம்மூர்க் கந்தோரில் வெள்ளைக்காரன் வந்து நின்றால் கதிரையை விட்டு எழும்புவார்களே! யூட் வெறுங்கையோடு திரும்பினான்.

"ஊவேயை என்னைவிடக் கேவலமாப் பாத்தாங்கள் அண்ணை."

சனிக்கிழமை வந்தது.

"ஒளிச்சுப் போடா. ஒரு மணித்தியால ரயில்."

"ஏலாதண்ணை. பிடிச்சா என்ர அகதிக் கேஸ் பழுதாப்போகும்."

வுப்பர்டாலில் கச்சேரி தொடங்கும் நேரத்துக்கு யூட் தட்டைப் போட்டான். சத்தத்தை முழுக்கக் கூட்டி, கூடவே வாசித்தான். சுவர் அதிர்ந்தது. விடுதிக் காவலாளி கதவை இடித்து, பிளேயரைப் பறிக்கப்போவதாகக் கத்தினார். பக்கத்து அறைச் செல்வரட்ணமும் வெளியே நின்று கத்தினான்: "அண்ணை, நீங்கள் மூத்தவர், அவனுக்குச் சொல்லுங்கோ!"

நான் எழுந்தேன். அந்தச் சோபாவைத் தனியாளாய் இழுத்துக் கதவோடு அணைத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன்.

"தட்டின்ர மற்றப் பக்கத்தையும் போடடா," என்றேன்.