‘சீ’ என்பதற்குப் பிரெஞ்சில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது ஒருவர் துப்பியதைக் கீழே விழாமல் ஏந்திக்கொண்டுபோய் இன்னொருவர் காதில் சேர்ப்பது. பாரிஸ் லா சப்பலில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றால் யாராவது கடிதத்தை நீட்டி, "அக்கா, என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். அது உபகாரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூப்பிட்டால் அது வேலை. இங்கே வளர்ந்த உங்களில் பாதிப் பேர் பத்து வயதிலேயே அம்மாவுக்காக இந்த வேலையைப் பார்த்தவர்கள்தான். ஆகவே உங்களுக்கு விளங்கும். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் சுலபம். மனிதர் மனிதரைப் பார்த்து முகம் சுளிக்கும் இடத்தில்தான் எனக்கு நாக்குச் சிக்கும், கோபமும் வரும். சொந்தக் கோபத்தை மொழிபெயர்ப்பில் கலக்கக் கூடாது என்பது விதி. அதனால் அதை இங்கே கொட்டுகிறேன்.

சுற்றுலா நாள் சாப்பாடு

புறநகர்த் திரான்சியில் ஒரு ஆரம்பப் பள்ளி. ரீச்சர் இளம்பெண், குரலில் தேன். வகுப்போடு வெளியே போகும் நாளில் இடியப்பமும் மீன்குழம்பும் கட்டிக் கொடுக்க வேண்டாம், சான்ட்விச் கொடுத்தால் நல்லது என்று அபிநயாவின் தாயிடம் சொல்லச் சொன்னார். "பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் ‘பேர்க்’ என்கிறார்கள், பாவம்." பேர்க் என்றால் என்னவென்று தாய் கேட்டார். ‘சீ’ என்றேன். ஹோட்டலில் படுக்கை விரித்துவிட்டு நேரே வந்திருந்த மனுசி. கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "ஆர் சொன்னது? பேரைக் கேளுங்கோ அக்கா. அந்தப் பிள்ளையின்ரை தாயோடை நான் கதைக்கவேணும்!"

நான் கேட்டேன். ரீச்சர் மேசையைப் பார்த்தார். எனக்குச் சூடேறிவிட்டது. இரண்டாம் தரம், தேவைக்கு மேல் சத்தமாகவே கேட்டேன். மூலையில் இருந்த அபிநயா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். எட்டு வயது. தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் அவள் சொன்னதை, பெற்ற தாய்க்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது: "நான்தான் சொன்னேன். அவர்கள் சொல்வதற்கு முதல் நான் சொல்லிவிட்டேன்."

இறைச்சி பிடிக்கிறதா?

சிவனேசன் வன்னியிலிருந்து வந்து ஒரு வருடமாகவில்லை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். வயிற்றைப் பிரட்டுகிறது, ஓங்காளிக்கிறது, பத்துக் கிலோ இறங்கிவிட்டது. டொக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, "இறைச்சியைக் கண்டால் அருவருப்பா?" என்றார். வயிற்றில் பெரிய வியாதி இருந்தால் சிலருக்கு அப்படி வருமாம், அதற்கான கேள்வி. நான் அப்படியே கேட்டேன். சிவனேசன், "இறைச்சியிலை இல்லை" என்றார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. அங்கே வேலையாட்களுக்கு என்று தனிச் சமையல் கிடையாது. மேசையிலிருந்து திரும்பி வரும் தட்டுகளில் மிச்சம் கிடப்பதை முதலாளி ஒரு சட்டியில் வழித்துச் சூடாக்கிக் கொடுப்பார். ஒருநாள் அதற்குள் யாருடையதோ பல்லுக்குத்தி கிடந்தது. நின்றுகொண்டே தின்ன வேண்டும். வேண்டாமென்றால், "இதுகூட உங்கள் நாட்டில் கிடைத்ததா?" என்று கேட்பாராம்.

டொக்டர் அதையும் குறித்துக்கொண்டார். சோதனைகள் எல்லாம் செய்தார். பெரிய வருத்தம், வியாதி ஒன்றும் இல்லை என்று இரண்டாம் முறை போனபோது சொன்னார். வேறு வேலை தேடும்வரை வீட்டில் நிற்க ஒரு கடிதமும், கூடவே மருந்தும் எழுதினார். சிவனேசன் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, மருந்துத் துண்டை மேசையில் திரும்பத் தள்ளினார். "இதை முதலாளியின்ரை பேருக்கு மாத்தி எழுதச் சொல்லுங்கோ அக்கா. வருத்தம் அவருக்குத்தான்."

சார்செலில் ஒரு சட்டி

இது நம்மவர் கதை, அதனால் கோபம் இரட்டிப்பு. சார்செலில் ஒரு அடுக்குமாடி. கீழே பொது அறை, அதில் சமையலறை, பிறந்தநாளுக்குப் பாவிக்கப் பெரிய சட்டிகள். ஏழாம் மாடி அண்ணை ஒருவர், யாழ்ப்பாணம், மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பம் பாவித்ததால் சட்டிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். பிணக்குத் தீர்க்க வந்தவர் மதாம் எஸ்தேர். அதே கட்டடத்தில் இருக்கும் யூத அம்மா, ஹீப்ரு படிப்பித்து ஓய்வு பெற்றவர். "மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பம் சட்டியைக் கழுவாமல் வைக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, நல்லாத்தான் மினுக்கி வைக்கினம்" என்றார் அண்ணை. "அப்போ?" அண்ணை என் பக்கம் சரிந்தார். "அவை ஆரெண்டு உங்களுக்கு விளங்கும்தானே தங்கச்சி? அவை புழங்கினதிலை எங்களுக்கு அருவருப்பு. இவவுக்கு ஏத்தமாதிரிச் சொல்லி விடுங்கோ."

ஏற்றமாதிரிச் சொல்லவில்லை. ஒரு சொல் விடாமல், ‘விளங்கும்தானே’யையும் சேர்த்தே சொன்னேன். மதாம் எஸ்தேர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆங்கிலக்காரர் பாடு சுலபம்" என்றார். "ஊத்தைக் காலுறைக்கும் ‘டிஸ்கஸ்டிங்’, பிடிக்காத மனிதனுக்கும் ‘டிஸ்கஸ்டிங்’. ஹீப்ருவில் இரண்டு சொல் உண்டு. வயிற்றைப் பிரட்டினால் கோஅல். தோஏவா வேறு. அது வயிற்றிலிருந்து வருவதில்லை, தீர்ப்பு. இன்னாரோடு சேராதே என்று மேலே இருந்து சொல்லி வைப்பது. எங்கள் வேதத்தில் அந்தச் சொல் முதலில் எங்கே வருகிறது தெரியுமா? எகிப்தியர் எபிரேயரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கு அது தோஏவா என்கிற இடத்தில். எங்களைப் பார்த்துச் சொன்ன சொல். பிறகு நாங்களும் அதை மற்றவர்களைப் பார்த்துச் சொல்லப் பழகினோம். இவருடையது இரண்டில் எது என்று கேளுங்கள்."

கேட்டேன். அண்ணை ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். மதாம் எஸ்தேர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சட்டி மாற்ற மாட்டோம் என்று சொல்லுங்கள். மரியாதைச் சொல் எதையும் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்."

"விரும்பத்தகாதது"

அகதி வழக்கு. கிளிநொச்சிப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். முதல் விசாரணையில் தொலைபேசி வழியாக யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் ஒருவன் தன்னை உள்ளே கூட்டிப்போனதைச் சொல்லிவிட்டு, ‘எனக்கு அருக்குளிச்சது’ என்று அவள் சொல்லியிருக்கிறாள். எழுத்தில் இருந்தது ‘விரும்பத்தகாததாக இருந்தது’. நீதிபதி அம்மா அந்த வரியில் விரலை வைத்தார். "இதே சம்பவத்தை முன்பு வெறும் விரும்பத்தகாதது என்றீர்கள். இப்போது வாழவே முடியவில்லை என்கிறீர்கள். எது உண்மை?"

விரும்பத்தகாதது! ரயில் பிந்தினால் சொல்கிற சொல். அவளோ, தான் சொன்னதையே மறுக்கிறார்களாக்கும் என்று விழித்து, "அருக்குளிச்சது எண்டுதானே அக்கா அண்டைக்கும் சொன்னனான்" என்றாள் என்னிடம். மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டில் பேசக் கூடாது. நான் கையை உயர்த்தினேன். "மன்னிக்க வேண்டும், அவர் சொன்ன தமிழ்ச் சொல்லின் பொருள் இது அல்ல. உடம்பில் புழு ஊர்ந்தால் தோல் சுருங்குமே, அதற்கு எங்கள் ஊரில் சொல்வது. பட்ட இடத்தை அறுத்து எறிந்தால் என்ன என்று தோன்றும் உணர்ச்சி." எதிர்பார்த்தபடி கண்டிப்பு விழுந்தது, குறிப்பேட்டிலும் ஏறியது. ஆனால் நீதிபதி பழைய தாளை மூடிவிட்டு, இந்த முறை அவளிடமே நேராக, மெதுவாகக் கேட்டார். சில கிழமைகளுக்குப் பிறகு அவளுக்கு அகதி உரிமை கிடைத்தது என்று வழக்கறிஞர் சொன்னார். அது நான் விளக்கிய விளக்கத்தால் அல்ல. அன்று அவள் வலது கையை மேசையில், தனக்குச் சொந்தமில்லாத சாமான் மாதிரி வைத்துவிட்டுச் சொன்னதால்: "அவன் பிடிச்ச கை இது. இதாலை நான் சோறு தின்னுறேல்லை, அம்மா. இடக்கையிலை கரண்டி பிடிச்சுப் பழகீட்டன்."

இத்தனை வருடம் ஊராருடைய அருவருப்பையெல்லாம் இந்த வாயால் சுமந்துவிட்டேன், என்னுடையதைக் கேட்கத்தான் இன்னும் ஒரு அலுவலகமும் ஆள் அனுப்பவில்லை.