ஏரி மேலே காத்திருந்த அத்தை

சுட்ட சோளத்தின் மேல் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்க்கிற வாசனை... அதோடு கலந்து தண்ணீரிலிருந்து எழும் பாசி வாடை. அல்சூர் ஏரி என்றதும் எனக்கு முதலில் வருவது இதுதான்.

தொண்ணூற்றாறு என்று நினைக்கிறேன். ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்து மர்பி டவுனில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஆபீஸில் கூட வேலை பார்த்த நாகராஜும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அவர் அல்சூர்க்காரர், வீட்டில் கன்னடம். அவருடைய அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. காவிரிப் பேச்சு எழுந்தால் பஸ்ஸில் என்னைப் போன்ற தமிழர்கள் தமிழை மெல்லப் பேசிய காலம். தமிழ்ப் பெண் வேண்டாம் என்பதில் அந்த அம்மா உறுதியாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை நாகராஜ் சேதி கொண்டுவந்தார்.

"நாளைக்கு சாயங்காலம் அம்மா உன்னைப் பாக்கணுமாம். வீட்ல வேணாமாம். ஏரி மேல இருப்பாங்க. நீ மட்டும் வா."

"ஏரி மேலயா?"

"ஹௌது, ஆமா, ஏரி மேலதான்."

தண்ணீர் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். ஆனால் மாமியார் ஆகப்போகிறவர் போட்டிங் பிரியராக இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் சாயங்காலம் படகுத்துறையில் நின்றேன். பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை... அதற்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். கண்ணாடி இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

"ஒருத்தரா மேடம்?" என்றார் படகுக்காரர்.

"உள்ள ஒரு அம்மா இருப்பாங்க. அவங்க போட்டைப் பாத்ததும் சொல்றேன்."

முதல் கொஞ்ச தூரம் கண்ணைத் திறக்கவே இல்லை. பிறகு சத்தம் குறைந்தது. ஆட்டோ ஹாரன், பஸ் இரைச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டன. கண்ணைத் திறந்தால்... அடேயப்பா!

தீவு தீவாக மரக்கூட்டங்கள். பறவை எச்சத்தால் கிளைகள் வெள்ளையடித்த மாதிரி. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. மேலே பருந்துகள் வட்டமடித்தன. ஒரு கூழைக்கடா எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியது. வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க மஞ்சளாக இருந்தது. இத்தனை பெரிய ஊருக்கு நடுவே இப்படி ஓர் இடமா என்று வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். பயந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் திரும்பிப்போக மனமில்லை.

எல்லாப் படகிலும் எட்டிப் பார்த்தேன். ஜோடிகள், குழந்தைகள்... தனியாக ஓர் அம்மா இல்லவே இல்லை. கரையில் மட்டும் யாரோ ஒருவர் குடையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், தெரிந்தவர் என்று நினைத்துவிட்டார் போல என்று நானும் டாட்டா காட்டினேன்.

இரண்டாவது சுற்றிலும் அதே குடை. அதற்குப் பக்கத்தில், எப்போது வந்தாரோ, தலையில் கை வைத்தபடி நாகராஜ்.

இறங்கி ஓடினேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் வரும், கோபத்தில் இன்னும் நன்றாகவே வந்தது.

"நான் ஏரி மேல நிக்கிறேன். நீ கெரே உள்ள போயி என்னம்மா தேடுறே?"

"ஏரி மேலன்னு சொன்னாங்கம்மா... அதான் போட்ல..."

அவர் காலால் தரையைத் தட்டினார். "இதுதாம்மா ஏரி! இந்த மண்ணு. தண்ணிக்குப் பேரு கெரே."

எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் தண்ணீரை ஏரி என்கிறோம், மேட்டைக் கரை என்கிறோம். இவர்கள் மேட்டை ஏரி என்கிறார்கள், தண்ணீரைக் கெரே என்கிறார்கள். அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். இது இயற்கையாக அமைந்த கரை இல்லையே! கன்னடத்தில் ஹலசு எனப்படும் பலா மரம் நிறைந்திருந்ததால் ஹலசூரு, நம் வாயில் அல்சூர், என்று பேர் வாங்கிய ஊரில், மழைத் தண்ணீர் ஓடிவரும் பள்ளத்துக்குக் குறுக்கே யாரோ மண்ணைச் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். இந்த ஊரை ஆண்ட கௌட அரசர்கள் காலத்து வேலை என்பார்கள். சற்றுமுன் நான் வாய் பிளந்து பார்த்த பறவையும் தீவும் தண்ணீரும் அந்த மண் மேட்டை நம்பித்தான் இருந்தன. உடம்பு சிலிர்த்தது.

"தண்ணி பயம்னு நாகு சொன்னானே?" அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பயம்தாம்மா."

"அப்புறம் ஏன் போனே?"

"நீங்க அங்க இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் என் தலையில் நசுங்கிக் கிடந்த பூவைச் சரிசெய்தார். "சோளம் தின்றியா?" என்றார்.

இப்போது ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி. சில மாதம் பச்சை படர்ந்து கிடக்கிறது, சில நாள் மீன் செத்து மிதக்கிறது. ஆனாலும் சாயங்காலம் பருந்துகள் வந்துவிடுகின்றன, நானும் நின்று பார்க்காமல் போவதில்லை. என் பெண் யாரைப் பார்க்கப் போனாலும் போனில் லொகேஷன் வாங்கிக்கொண்டு நேராக அங்கே போய் நிற்கிறாள். நல்ல வசதிதான்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அத்தை ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்... "அன்னிக்கு நான் உன்னை வேணாம்னு சொல்றதுக்குத்தாம்மா வந்தேன்."