லஸ்ஹர் பார்க்காத மஹ்தியா

லஸ்ஹர் பதினாறு வருடங்களாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறார். துனிசியாவின் சூஸ் நகரத்து ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மொனஸ்தீர், மஹ்தியா என்று கடலோரமாகவே போய் மாலையில் திரும்புவார். அதே பேருந்தில் நான் வழிகாட்டி. எங்கள் ஊரில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். மைக்கில் நான் பேசுவதை ஒரு வரி விடாமல் அவர் மனப்பாடம் செய்து, வீட்டில் மனைவி வசீலாவிடம் ஒப்பிப்பார். வசீலா அதை ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடத்துக்கு வரும் பெண்களிடம் சொல்வார்.

மஹ்தியா முனையில் கடல்வரை சரிந்து இறங்கும் கல்லறைகளைப் பற்றிச் சொன்னபோதுதான் வினை வந்தது.

"செத்தவங்களுக்குக் கடல் பாத்த வீடா? நல்லா அளக்குறான்டி உன் புருஷன்!" என்று ஹம்மாமில் பெண்கள் சிரித்தார்கள்.

கண்ணால் பார்க்காமல் இனி ஹம்மாமுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வசீலா அவரை இழுத்துக்கொண்டு ரயிலேறினார்.

ரயிலில் வந்ததுதான் லஸ்ஹருக்குச் சிக்கல். மஹ்தியா நிலையத்துக்கு வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மனுஷா, முழிக்கிறே?"

"முதல்ல பஸ் நிறுத்துற இடத்துக்குப் போயிடுவோம். அங்கேருந்துதான் எனக்குக் கணக்கு."

அரைமணி நேரம் அலைந்து, ஒரு உணவகத்தின் பின்னாலிருந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். காவலாளி ஷெத்லி ஓடிவந்து கட்டிக்கொண்டார். சமையல்காரர் வழக்கம்போல் ஓட்டுநருக்கான மீன் குஸ்குஸ் தட்டைப் பின்வாசல் வழியே நீட்டினார்; வசீலாவைப் பார்த்ததும் உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார்.

சாப்பிட்டுக்கொண்டே வசீலா கேட்டார்: "சரி, கல்லறை எந்தப் பக்கம்?"

லஸ்ஹர் தட்டைப் பார்த்தார். ஷெத்லிதான் வாயை விட்டார்.

"அவரை ஏன் கேக்குறீங்க அக்கா? சாப்பிடுவாரு, பஸ்ஸுக்கு அடியில சாமான் வைக்கிற அறையில பாயை விரிச்சுப் படுப்பாரு. அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு நாளும் போனதில்ல."

"பதினாறு வருஷமாவா!"

"ஆளுங்க திரும்பி வர்றப்ப வண்டி குளுகுளுன்னு இருக்கணும்ல. விட்டுட்டு எங்க போறது?" என்றார் லஸ்ஹர்.

வசீலா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டு முன்னால் நடந்தார். லஸ்ஹர் பின்னாலேயே போனார்.

சந்து முடிந்ததும் கல்லறைகள். வெள்ளை வெள்ளையாகச் சரிந்து இறங்கின; கடைசி வரிசைக்கும் அலைக்கும் நடுவே பாறைகள் மட்டும். லஸ்ஹர் தொண்டையைச் செருமினார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல..."

"மைக்கை நிறுத்து. பாரு."

பார்த்தார். அங்கேயே உட்கார்ந்தார்கள். ஊர் திரும்பும் இரண்டு மணி ரயில் போய்விட்டது; இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஹம்மாம்ல என்ன சொல்லப்போறே?" என்று கடைசியில் லஸ்ஹர் கேட்டார்.

"என் புருஷன் சொன்னது அத்தனையும் நிஜம்னு சொல்லுவேன். நீ பாக்காமலே சொன்னது நம்ம வீட்டோட இருக்கட்டும்."

மறுநாள் காலை பேருந்தைக் கிளப்புவதற்கு முன்பே, சிரித்துக்கொண்டே இதையெல்லாம் லஸ்ஹர் என்னிடம் சொல்லிவிட்டார்.