கோழிக்கூட்டுக்கும் மானம் உண்டு

போன ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு மனிதர் தப்படித்து மன்னிப்புக் கேட்டார்.

ஆமாம், நிஜமாகவே தப்படித்துத்தான்! சாவுச் செய்தி சொல்லவும், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் அடிப்பார்களே... அதே தப்பு. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின் முன்னால் லயம் லயமாக நின்று, சனத்தைக் கூட்டி, ‘நான் சொன்னது பிழை’ என்று அறிவித்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது.

மன்னிப்புக் கேட்டவர் செல்லமுத்து. தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மாசி பிறந்தால் காமன் கூத்தில் கோமாளி.

காமன் கூத்துக் கோமாளிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு உரிமை உண்டு. தோட்டத்துத் துரை, வேலை வாங்கும் கண்டாக்கு, கடை முதலாளி, சொந்த மாமியார் — யாரையும் விட்டுவைக்க மாட்டான். கேட்டவர்கள் கூத்து நடக்கிற காமன் பொட்டலிலேயே சிரித்துத் தொலைத்துவிட்டு வரவேண்டும். கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்த அரசியலமைப்பையும் படிக்காமல் எங்கள் சனம் வைத்துக்கொண்ட பேச்சுச் சுதந்திரம் இது.

இந்த வருஷம் செல்லமுத்து தலைமேல் ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டலுக்குள் வந்தார்.

“ஏம்பா, தகரத்த எங்க தூக்கிக்கிட்டுப் போற?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

“லயத்துக் கூரைக்குன்னு வந்த தகரம்ங்க. பாவம், வழி தெரியாம ஒரு கோழிக்கூட்டு மேல போயி படுத்திருந்துச்சு. கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்!”

அவ்வளவுதான். யார் பேரும் இல்லை. ஆனால் லயங்களுக்கு வந்த கூரைத் தகரம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பொறுப்பில் இறங்கியதும், லயங்கள் ஒழுகிக்கொண்டே இருந்ததும், தலைவர் வீட்டுக் கோழிக்கூடு மட்டும் பளபளவென்று மின்னியதும் அந்த மலையில் கொஞ்சம் பேருக்காவது தெரியும். பொட்டலில் சிரிக்காத ஒரே ஆள் தலைவர்.

முதலில் பொலிஸுக்குப் போனாராம். “தெங் ஏ நீதிய நே, மாத்தையா” — அந்தச் சட்டம் இப்போது இல்லை ஐயா — என்று இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். கிரிமினல் அவதூறுச் சட்டத்தை நீக்கினார்களே, அதைச் சொல்கிறார். அன்றைக்குக் கொழும்பில் பத்திரிகைக்காரர்கள் வெடி கொளுத்தாத குறை. நானும் இந்தப் பத்தியில் துள்ளிக் குதித்தேன், ஞாபகமா? பேசியதற்காக இனி யாரும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவேண்டாம் என்று!

முன்வாசலைச் சாத்தினால் என்ன... சிவில் வழக்கு என்று பின்வாசல் திறந்துதானே கிடக்கிறது?

செல்லமுத்துவுக்குத் தலைவரின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில்தான். தலைவரின் நற்பெயருக்குப் பெரும் பங்கமாம். பகிரங்க மன்னிப்பு, இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு. செல்லமுத்துவும் அவர் மனைவி மாரியாயியும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? பேச்சுச் சுதந்திரம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். (அரசியலமைப்பின் ஒரு உறுப்புரையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, அடுத்ததில் ‘அவதூறு’ என்று சொல்லிக் கிள்ளி எடுத்திருப்பதை மட்டும் மெல்ல விழுங்கிவிட்டேன்.) “நீங்க சொன்னது உண்மை. ஊருக்கு நல்லது. அந்த வழக்கு நிக்காது, பயப்படாதீங்க” என்றேன்.

மாரியாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நிக்காதுதான் சார். அது விழுகுற வரைக்கும் இந்த மனுசனில்ல கோர்ட்டு வாசல்ல நிக்கணும்? தவணைக்குத் தவணை ஹட்டனுக்குப் போனா யாரு பேரு போட்டு நாள் சம்பளம் குடுப்பாங்க? ஏற்கனவே ராத்திரியில ஒழுக்குக்கு சட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தச் சட்டியில போடவும் ஒன்னும் இல்லாம பண்ணிப்புடாதீங்க.”

அந்த வீட்டுச் சோறு என் பிரசங்கத்தில் வேகாது.

சாட்சி தேடிப் பார்த்தோம். பொட்டலில் கண்ணீர் வரச் சிரித்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று மறதி. “நான் அன்னைக்கு ராகலைக்கில்ல போயிருந்தேன்!” என்றார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

பெரிய மனிதர்கள் வழக்குப் போடுவது ஜெயிப்பதற்கு என்றா நினைக்கிறீர்கள்? எதிராளியை நடக்கவைத்தால் போதுமே! செருப்பு தேய்ந்தாலே சுதந்திரமும் தேய்ந்துவிடும்.

செல்லமுத்து மன்னிப்புக் கேட்கச் சம்மதித்தார். தலைவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? ஊர் முழுக்கத் தன் மானம் திரும்பிவரவேண்டும் அல்லவா! எல்லா லயத்திலும் தப்படித்துச் சொல்லவேண்டும். என்ன பேசினான், யாரைப் பேசினான் என்று விவரமாகச் சொல்லி வாபஸ் வாங்கவேண்டும் — எழுத்திலேயே வந்த நிபந்தனை இது.

கோமாளியிடம் போய் யாராவது இப்படி ஒரு வேஷம் கொடுப்பார்களா?

முதல் லயம். டண்டணக்கு, டண்டணக்கு... சனம் கூடியது. செல்லமுத்து முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“எல்லாரும் கேட்டுக்குங்க! லயத்துக்கு வந்த கூரைத் தகரம் ஒரு கோழிக்கூட்டு மேல இருக்குன்னு கூத்துல சொன்னேன். பேரு சொல்லல. அந்தக் கோழிக்கூடு தன்னோடதுதான்னு நம்ம தலைவரே வக்கீல் வச்சு சொல்லியிருக்காரு. அதனால நான் சொன்னது பிழைங்க. மன்னிச்சிருங்க!”

கூத்துக்கு வராதவர்கள், தூங்கிப்போனவர்கள், காது மந்தமானவர்கள் — எல்லாருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது லயத்துக்குள் தலைவரின் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“போதும்ணே, நிப்பாட்டுங்க. தலைவரு மன்னிச்சுட்டாரு!”

“அதெப்புடி? எல்லா லயத்துலயும்னு எழுதியிருக்கே. நான் பாதியில விட்டா நீங்க கேஸு போட்டுருவீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, செல்லமுத்து அடுத்த லயத்துக்கு ஏறினார். பின்னால் பாதித் தோட்டமே போனது, நானும்தான்.

வழக்கு இல்லை. செல்லமுத்துவுக்குப் பேர் போடுகிறார்கள். தலைவரும் தன் மானம் முழுதாகத் திரும்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நேற்று நல்ல மழை. அந்தப் பக்கம் போயிருந்தேன். மாரியாயி வீட்டுக்குள் சட்டி வைத்திருந்தார்.

தகரம்தான் இன்னும் திரும்பவில்லை.