செம்பூரில் மூன்றாவது தடவை

பம்பாய்க்குக் கிறிஸ்துமஸ் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். "இங்க இல்லாத கிறிஸ்துமஸா அங்க இருக்கு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அரையாண்டு விடுமுறையோடு சொந்த லீவும் சேர்த்துப் பத்து நாள் கிடைத்தது. மாட்டுங்காவில் மார்கழிக் கச்சேரி, தாராவியில் வீடுவீடாகப் போய்ப் பாடும் கேரல் என்று எல்லாமே அங்கே டிசம்பர் கடைசியில்தான் நடக்கும், பார்த்துவிட்டு வந்து நம் சபை மாத இதழில் எழுதுகிறேன் என்று அப்பாவிடம் அனுமதி வாங்கினேன். இருபத்தொன்பது வயதில் என்ன அனுமதி என்று கேட்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது.

சொன்னதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. என் அக்கா கிரேஸ் பம்பாயில் இருக்கிறாள். நம் வேதத்தைச் சேராத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்பது வருஷத்துக்கு முன் போனவள். அவள் போட்ட கடிதங்களை அப்பா தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு கடிதம் வருவதும் நின்றுபோயிற்று. அதற்கு முன் ஒருமுறை தபால்காரர் கையில் இருந்த உறையில் முத்திரையை மட்டும் படித்தேன். செம்பூர் என்று இருந்தது. அக்கா ஊரைவிட்டுப் போன அன்று பஸ்ஸில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அப்பா பக்கத்தில் நின்றதால் நான் பதிலுக்கு அசைக்கவில்லை. அசைக்காத அந்தக் கை இன்னும் எனக்குக் கனக்கிறது.

இனி பயண விவரம். திருநெல்வேலியில் மாலை ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஒன்றரை மைல். ரிக்ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டு முக்கால் ரூபாய்க்கு வந்தார். சென்னையிலிருந்து பம்பாய்க்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் முப்பது ரூபாய்க்குப் பக்கம். ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டி மறுநாளும் வண்டி ஓடுகிறது. குண்டக்கல்லுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நான் சாத்தவில்லை, தாதரில் இறங்கியபோது கரி வியாபாரி போல இருந்தேன்.

தாதரில் என்னை அழைத்துப்போக வந்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. பக்கத்து ஊர்க்காரர், மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். தாராவியில் பத்தடிக்குப் பத்தடி வீடு. அண்ணாச்சி, மதினி, மூன்று பிள்ளைகள், அந்த வாரம் நான். "படுக்க இடம் இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நீங்க குறுக்க படுக்காம நீட்டிப் படுத்தா இருக்கும்" என்றார். தோல் பதனிடும் நாற்றத்தில் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் அதே நாற்றத்துக்கு நடுவில் மதினி சுட்ட முந்திரிக்கொத்தில் ஏழெட்டு தின்றேன்.

சனிக்கிழமை காலை மாட்டுங்காவுக்கு நடந்தேன், அரை மணி நேரம் ஆகும். ஒரே நடையில் ஊர் மாறிவிடுகிறது. மல்லிகைப் பூக்கடை, வாழையிலைக் கட்டு, பதினைந்து பைசாவுக்கு நுரை தளும்பும் காப்பி. கச்சேரி நடந்த ஹாலில் நுழைவுக்குக் காசு இல்லை. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், ஏதோ ஆபீஸில் சூப்பரிண்டெண்ட், என்னை விசாரித்துவிட்டு, "திருநெல்வேலியா? பேஷ். சார் மத்தியானக் கச்சேரிக்கும் இருந்துட்டுப் போங்கோ" என்றார். பாட்டு நன்றாக இருந்திருக்க வேண்டும். நான் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பாட்டு என்றால் உயிர், ஒருவேளை வந்திருப்பாளோ என்று. பெரியவர் என்னை என்னவென்று நினைத்தாரோ, இரண்டாவது கீர்த்தனைக்குப் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை கேரல் ஒத்திகை. அண்ணாச்சிதான் தலைவர். ஆர்மோனியம், தபேலா, பதினாலு குரல். முதல் பாட்டிலேயே நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் எந்தப் பாட்டானாலும் கடைசி அடியை மூன்று தடவை பாடுவோம். பனையேறப் போனவர்கள் வந்து சேரட்டும் என்று எப்போதோ யாரோ வைத்த வழக்கம். மற்ற ஊர்களில் இரண்டு தடவைதான். தாராவியில் எல்லோரும் இரண்டோடு நிறுத்த, நான் மட்டும் தனியே மூன்றாவதைத் தொடங்கினேன். "வாத்தியாரே, பாட்டு முடிஞ்சாச்சு" என்று ஒருவர் சொல்ல, ஒரே சிரிப்பு. அடுத்த பாட்டிலும் அதே கூத்து.

"உங்க ஊரு வழக்கத்த ஊர்ல வச்சுக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி. "இங்க ஏழெட்டு ஊரு ஆளு சேந்து பாடுதோம். ஆளுக்கொரு வழக்கம்னா விடிஞ்சிரும். ரெண்டே தடவ."

சரி என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினேன்.

கேரலுக்கு அவர்களிடம் இன்னொரு சட்டம் உண்டு. பாட்டுக்காரர்கள் வர வேண்டும் என்று விரும்புகிற வீட்டார் வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, பெயரையும் அண்ணாச்சியின் நோட்டில் எழுதிவிட வேண்டும். கேட்காத வீட்டு வாசலில் போய் நின்று பாடக்கூடாது. எல்லோருக்கும் ஷிப்ட் வேலை என்பதால் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே சுற்றிவிடுகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கித் தாராவி முடித்தோம். பிறகு சயான் ஸ்டேஷனில் லோக்கல் பிடித்துக் குர்லா, அங்கே வண்டி மாறிச் செம்பூர். ஆர்மோனியத்தை லக்கேஜ் என்று சொல்லி டிக்கெட் பரிசோதகர் காசு கேட்டார். அண்ணாச்சி அவருக்கு ஒரு பாட்டு பாடிக் காட்டினார். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

நோட்டில் செம்பூரில் மூன்றே வீடுகள். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். மூன்றிலும் அக்கா இல்லை. இரண்டு வீட்டில் விசாரித்தும் பார்த்தேன். கிரேஸ் என்று யாரையும் தெரியாது என்றார்கள். ஆறு மணி ஆகியிருந்தது. எல்லோரும் ஸ்டேஷனைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அப்போதுதான் ஒரு சந்துக்குள் அதைப் பார்த்தேன். மாடி வைத்த நீளக் கட்டிடம், ஒரே தாழ்வாரத்தில் வரிசையாக வீடுகள். கீழ்வீடு ஒன்றின் வாசலில் நட்சத்திரம் தொங்கியது. உள்ளே பல்பு எரிந்தது. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அது அக்காவின் நட்சத்திரம்.

"அண்ணாச்சி, அங்க ஒரு வீடு இருக்கு."

"நோட்டுல இல்லையே."

"நட்சத்திரம் தொங்குதே. போய்ப் பாத்துருவோம்."

"ஆறு இருவது வண்டிய விட்டா எல்லாரும் நிக்கணும், வாத்தியாரே. அடுத்த வருஷம் பாத்துக்கிடுவோம்."

அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இத்தனை நாளும் மறைத்ததை நடுத்தெருவில் சொல்லிவிட்டேன். "எங்க அக்கா இந்தச் செம்பூர்லதான் அண்ணாச்சி இருக்கா. ஒம்பது வருஷமா நாங்க யாரும் பாக்கல. அவளுக்காகத்தான் நான் வந்ததே."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நோட்டை மூடி இடுப்பில் செருகினார். "இத வந்த அன்னைக்கே சொல்லப்படாதா? ஏல, எல்லாரும் திரும்புங்கல."

வாசலில் நின்று பாடத் தொடங்கினோம். கதவு திறக்கும்வரை காத்திருப்பதில்லை, பாட்டைக் கேட்டுத்தான் கதவு திறக்க வேண்டும் என்பது முறை. திறந்தது. நெற்றியில் பெரிய குங்குமத்தோடு ஒரு மராத்தி அம்மாள் நின்றார். கதவருகில் துளசித் தொட்டி. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இந்த ஊரில் தீபாவளிக்கும் இதே மாதிரி நட்சத்திரக் கூண்டு கட்டுவார்கள் என்று திருநெல்வேலிக்காரனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கூண்டைக் கட்டின அவர் மகன் பூனாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம், அதை அவிழ்க்க அவருக்கு மனசு வரவில்லையாம். இது பிறகு தெரிந்தது.

ஆனால் தொடங்கிய பாட்டைப் பாதியில் விடக்கூடாது என்பது அண்ணாச்சியின் மூன்றாவது சட்டம். அந்த அம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கோயிலில் நிற்பது போல நின்று கேட்டார். கடைசி அடி வந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. என் குரல் மூன்றாவதற்குக் கிளம்பியது, பல்லைக் கடித்து அடக்கினேன். ஆர்மோனியம் நின்றது.

மேலே மாடித் தாழ்வாரத்திலிருந்து ஒரு பெண்குரல் அந்த அடியை மூன்றாவது தடவை பாடியது.

பதினாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். இருட்டத் தொடங்கியிருந்ததால் முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அண்ணாச்சி ஆர்மோனியக்காரர் தோளைத் தொட்டார். அவர் மெதுவாகச் சுருதியைப் பிடித்துக் குரலோடு கடைசிவரை போனார். மராத்தி அம்மாள் வழியை விட்டு விலகி, மாடிப்படியைக் கையால் காட்டினார்.

படியேறி எதிரே நின்றேன். அக்கா மெலிந்திருந்தாள். கையில் ஈரத்துணி. கழுத்தில் மஞ்சள் கயிறு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்ல ரெண்டோட நிறுத்திட்ட?" என்றாள்.

நான் அழுதேன். அதை இங்கே மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. கையை உயர்த்தி அசைத்தேன், மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு. அவளுக்குப் புரிந்தது. அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அண்ணாச்சியின் ஆட்கள் ஏழு மணி வண்டி வரை கீழ்வீட்டில் இருந்தார்கள். மராத்தி அம்மாள் "யா, பஸா" என்று எல்லோரையும் உட்காரவைத்து அவல் பொரியும் சாயாவும் கொடுத்தாராம். அக்கா எனக்குச் சோறு போட்டாள். அத்தானுக்கு டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையில் மாலை ஷிப்ட், பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் ரோட்டோரத்து வீடுகளில் கேரல் பாடுவது இந்தத் தாழ்வாரத்துக்குக் கேட்குமாம். இவள் வெளியே வந்து நின்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவையைத் தனியாகப் பாடிக்கொள்வாளாம்.

"நீயும் ஒரு நட்சத்திரம் கட்ட வேண்டியதுதானக்கா. அத்தான் வேண்டாம்னா சொல்லுவாவ?"

"அவிய ஒண்ணும் சொல்லமாட்டாவ. கட்டிட்டு, யாரும் வரலன்னா என்ன செய்ய?"

சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. செருப்பு மாட்டும்போது கேட்டாள். "அப்பா என்னப் பத்திப் பேசுவாவளா?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, கோயிலுக்கு மட்டும் கம்பு ஊன்றிப் போகிறார் என்றேன். "எந்தக் கால்?" என்றாள். வலது கால் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

இந்த இதழை முதல் பக்கத்திலிருந்து அச்சகத்தின் பெயர்வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர் அப்பா. ஊர் திரும்பியபின் "பம்பாய் எப்படி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எழுதியிருக்கிறேன், படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பரில் பம்பாய்க் குளிர் நம் ஊருக்குப் பழகியவர்களைப் படுத்தாது, ஒரு துண்டு போதும். தாதரில் வண்டி அதிக நேரம் நிற்காது. வயதானவர்கள் முந்தின ஸ்டேஷனிலேயே வாசல் பக்கம் வந்துவிடுவது நல்லது, அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டால் ஆள் நிற்பார். குர்லாவில் மாறும்போது மட்டும் பாலம் ஏறி இறங்க வேண்டும். வலதுபக்கம் கைப்பிடி இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், அடுத்த வண்டி சீக்கிரம் வந்துவிடும். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. கம்பு ஊன்றி நடந்தால் இருபது. சந்துக்குள் நட்சத்திரம் தொங்கும் கீழ்வீட்டுக்கு நேர் மேலே. மாடிக்குப் பதினாறு படி, நான் எண்ணினேன். ஆனால் ஏற வேண்டியதில்லை. கீழே நின்று நம் பாட்டு எதையாவது பாடினால் போதும். கடைசி அடியை இரண்டு தடவை பாடிவிட்டு நிறுத்துங்கள்.

மூன்றாவது மேலேயிருந்து வரும்.